புதன்கிழமை முட்டை

நான் முட்டை சாப்பிடுவதில்லை. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக் முட்டை போட்டதா போடாததா என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவேன். கோழி தின்கிறாய், மீன் தின்கிறாய், முட்டை மட்டும் உனக்கு என்ன பாவம் செய்தது என்று கிண்டல் செய்வார்கள். அலர்ஜி என்று சொல்லிவிடுவேன். அலர்ஜி என்றால் அதற்குமேல் யாரும் குடைவதில்லை.

அலர்ஜியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனிமேல் முட்டையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். செய்யவைத்தார்கள்.

ஊரிகத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்து மேட்டில் எங்கள் பள்ளிக்கூடம். அப்போது ஊரின் தங்கச் சுரங்கம் மூடியாகிவிட்டது. சுரங்க ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அப்பாக்கள் பாதிப்பேர் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூர் போய், வாட்ச்மேன் உத்தியோகம் பார்த்துவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மத்தியானச் சோறு உண்டு. கன்னடத்தில் பிசியூட்டா. சூடான சாப்பாடு என்று அர்த்தம், சூடாகவும் இருக்கும். சமைக்கிற அக்கா பேத்தமங்களாவிலிருந்து பஸ்ஸில் வருவார். நூல்கோலும் கேரட்டும் போட்ட சாம்பார் கொதிக்கிற வாசனை மூன்றாவது பீரியடிலேயே வகுப்புக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு டீச்சர் போர்டில் எழுதியது எதுவும் எங்கள் மண்டையில் ஏறாது. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கன்னடத்தில் பிரார்த்தனை சொல்வோம். பிரார்த்தனையின் கடைசி வரியை யாருமே முழுசாகச் சொன்னதில்லை. அதற்குள் கை சோற்றில் இருக்கும்.

புதன்கிழமை முட்டை. இது அரசாங்கம் கொடுத்ததல்ல, அந்தக் காலத்தில் அரசாங்கம் முட்டை கொடுக்கவில்லை. எந்திரத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் தன் பேரன் பிறந்தநாளுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருதரம் முட்டை கொடுத்தார். நாங்கள் தின்ற வேகத்தைப் பார்த்து அவருக்கே என்னமோ ஆகிவிட்டது போல. வாராவாரம் புதன்கிழமை முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஆட்டோ வர ஆரம்பித்தது.

அடேயப்பா, அந்தப் புதன்கிழமைகள்! அவித்த முட்டையைத் தோலோடு கையில் வாங்கியதும் பக்கத்துப் பிள்ளையின் முட்டையோடு மோதிப்பார்ப்போம். யாருடையது உடைகிறதோ அவர்கள் தோற்றவர்கள். தோற்றாலும் தின்பது நாம்தானே, அதனால் யாருக்கும் வருத்தமில்லை. நான் வெள்ளையை முதலில் தின்றுவிட்டு மஞ்சள் கருவைக் கடைசிவரைக்கும் தட்டின் ஓரத்தில் வைத்திருப்பேன். சாம்பாரில் ஒருபக்கம் ஊறியபிறகு அதை அப்படியே வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும். அந்த அடைப்புக்காகவே அப்படித் தின்பேன்.

நான் அப்போது ஒல்லிக்குச்சி. பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, முட்டை கொடுங்கள், கீரை கொடுங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அம்மா கார்மெண்ட்ஸில் தைக்கப் போய்க்கொண்டிருந்த சமயம். "வூட்ல எங்க முட்டை வாங்கறது, இஸ்கூல்ல குடுக்கறத ஒழுங்கா துன்னு" என்றாள்.

அந்த வருஷம் கார்த்திகை முதல் தேதி அப்பா மாலை போட்டார். சபரிமலைக்கு. எங்கள் லைனிலிருந்து ஒரு கூட்டமே போட்டது. மாலை போட்ட வீடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கறி கிடையாது, மீன் கிடையாது, முட்டை கிடையாது, மாலை போட்டவருக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லாருக்கும். அம்மாவுக்கு விலக்கான நாட்களில் அப்பா பஜனைக் கோயிலில் போய்ப் படுத்துக்கொள்வார். அப்பாவை அப்பா என்று கூப்பிடக்கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மாவும் அவரை "சாப்ட வாங்க சாமி" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அப்பா அந்த நாட்களில் ரொம்ப நல்லவராக இருந்தார். குடிக்கவில்லை. குளிரில் விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு என் தலையைத் தடவிவிட்டு ரயிலுக்குப் போவார். இப்படியே வருஷம் முழுக்கச் சாமியாகவே இருந்துவிடக்கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

முதல் புதன்கிழமை காலையில் அம்மாவிடம் கேட்டேன்.

"மா, இன்னிக்கி முட்டை குடுப்பாங்களே, வாங்கவா வேணாவா?"

அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை இழுத்து ரிப்பன் கட்டி முடித்தாள். பிறகு குனிந்து காதோடு சொன்னாள்.

"துன்னு. உனுக்கு ரத்தமே இல்லன்னு நர்சம்மா சொல்லிகிறாங்க. இஸ்கூல்ல துன்னது இஸ்கூலோட. வாயக் கொப்ளிச்சிகினு வா. சாமிகிட்ட சொல்லாத, இன்னா?"

இஸ்கூல்ல துன்னது இஸ்கூலோட. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நானும் அம்மாவும் மட்டும் சேர்ந்து வைத்துக்கொண்ட ரகசியம். ஒவ்வொரு புதன்கிழமையும் முட்டை தின்றேன், குழாயடியில் வாயைக் கொப்பளித்தேன், வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டிக் கேட்பாள், நான் தலையை ஆட்டுவேன். அந்தத் தலையாட்டல் முட்டையைவிட ருசி.

மார்கழியில் இருமுடி கட்டி, சாமிகள் எல்லாரும் வேனில் ஏறிப் போனார்கள். சரண கோஷம் போட்டுக்கொண்டே வேனுக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லாரும் ரோடு முக்கு வரைக்கும் ஓடினோம். மற்றவர்கள் பிரசாத டப்பாவோடு திரும்பினார்கள். அப்பாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் வலது காலில் மாவுக்கட்டு. கழுத்தில் மாலை இல்லை. ஆஸ்பத்திரியில் கழற்றிவிட்டார்கள் என்றார் அப்பா. மலை ஏறும்போது வழுக்கி விழுந்துவிட்டார், உள்ளே ராடு வைத்திருக்கிறது என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டுச் சீக்கிரமாகப் போய்விட்டார்கள்.

மலைக்குப் போன சாமி கால் உடைந்து வந்தால் லைனில் யாரும் பாறை வழுக்கியது என்று விடமாட்டார்கள். வீட்டில் என்ன குற்றம் நடந்தது என்றுதான் தேடுவார்கள். மறுநாளே நந்திதுர்க்கிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அப்பாவுக்கு மூத்தவள், அவள் வாய்க்கு அப்பாவே பயப்படுவார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என் தம்பி சுத்தமா தான் இருந்தான். வூட்ல இருக்கறவங்க இருந்தாங்களா? நீ வெலக்கான நாள்ல ஒழுங்கா ஒதுங்கி இருந்தியா, இல்ல அப்டியே அடுப்பாண்ட நின்னியா?"

வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மா முகம் வெளுத்துப்போயிற்று. கட்டிலில் அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் பார்வை என்மேல் வந்து நின்றது.

"நான் ஒழுங்கா தான் இருந்தேன் அண்ணி. இதோ நிக்குதே, இதக் கேளுங்க. இஸ்கூல்ல முட்டை குடுத்தாங்களாம், வாரா வாரம் துன்னுட்டு வந்துகிது. எனுக்கே நேத்து தான் தெரியும்."

அம்மா மறந்துவிட்டாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நிஜமாகவே. ஞாபகப்படுத்தினால் சரியாகிவிடும் என்று வாயைத் திறந்தேன்.

"மா, நீ தானே..."

பளாரென்று விழுந்தது அறை. "வாய மூடு. செய்யறதயும் செஞ்சிட்டு எதிர்ல பேசறியா?"

காது கொய்யென்றது. அறை வலித்ததுகூட இல்லை. அம்மா என் கண்ணைப் பார்க்காமல் அடித்தாள், அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அப்பன் கால முழுங்கிட்டியேடி பாவி" என்றாள். வாசலில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

அத்தையே தட்டில் கற்பூரம் ஏற்றினாள். ஐயப்பன் படத்துக்கு முன்னால் என் கையைப் பிடித்து அடிக்கவைத்தாள். பிறகு அப்பாவின் உடையாத காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள். அவரைச் சாமி என்று கூப்பிடுவதா அப்பா என்று கூப்பிடுவதா என்று தெரியவில்லை. மாலை இல்லை, ஆனால் வீட்டில் மாலை கழற்றும் பூஜையும் நடக்கவில்லை. "மன்னிச்சிடு சாமி" என்றேன். அப்பா தகரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி, போ" என்றார்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் சாப்பிடக்கூடாது என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் சூடான சோற்றை வாங்கி உட்கார்ந்திருக்கும்போது நான் டப்பாவில் கொண்டுபோன ஆறிப்போன சோற்றைத் தின்பேன். புதன்கிழமை பிள்ளைகள் முட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டி, "துன்னு, துன்னு, உங்கப்பனோட இன்னொரு காலு" என்பார்கள். சமைக்கிற அக்கா மட்டும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களை விரட்டுவார். அப்பாவுக்குக் கால் நேராகச் சேரவில்லை. வாட்ச்மேன் வேலைக்கு நிற்கமுடியாமல் போயிற்று. அம்மா ஓவர்டைம் தைத்தாள். சாயங்காலம் அப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். தேய்க்கும்போதெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்பேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் தேய்த்தேன். ஒருநாள், ஒரே ஒருநாள்கூட, அவர் போதும் விடு என்று சொன்னதில்லை.

அம்மாவை மன்னித்துவிட்டேன் என்றுகூட நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்துவிட்டாள், பாவம், அத்தை கேட்ட கேள்விக்கு வேறு யார்தான் என்ன செய்வார்கள், எப்படியும் முட்டை தின்றது நான்தானே. இப்படியெல்லாம் அவளுக்காக நானே என்னிடம் வாதாடி வைத்திருந்தேன்.

போன கார்த்திகையில் ஒருநாள் காலை ரயிலில் எனக்கு எதிரே ஒரு மாமா உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்வரிசை வீட்டுக்காரர், அன்றைக்கு அந்த வேனில் போன சாமிகளில் ஒருவர். பெட்டி முழுக்கக் கறுப்பு வேட்டிகள். அதைப் பார்த்துவிட்டு நான் சும்மா பேச்சுக்கு, "அப்பாவுக்கும் இன்னொருவாட்டி போவணும்னு ஆச தான் மாமா, கால வச்சிகினு எங்க போறது" என்றேன்.

மாமா சிரித்தார். "இன்னொருவாட்டியா? அந்த வாட்டியே எங்க போனாரும்மா?"

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பேச்சு வாய்க்கு வந்துவிட்டது, நிறுத்தமுடியவில்லை.

"மலையே ஏறல பாப்பா. பாதி வழியில டீ குடிக்க வேன நிறுத்தனோம். ஆளக் காணோம். தேடினு போனா சாராயக்கடை பின்னால பள்ளத்துல வுழுந்து கெடக்கறாரு. மாலையக் கழட்டி டவுசர் பாக்கெட்டுல வச்சிகினு குடிச்சிகிறாரு. ஆஸ்பத்திரில சேத்துட்டு நாங்க மலைக்குப் போய்ட்டோம். குருசாமி கண்டிசனா சொல்ட்டாரு, லைன்ல மூச்சு வுடக்கூடாது, நம்ம குரூப்புக்கே அசிங்கம்னு. உங்கம்மாக்கு மட்டும் அன்னிக்கே கடைக்கு போன் போட்டு சொல்ட்டம். இப்போ குருசாமியே போய்ச் சேந்துட்டாரு, இன்னும் இன்னா மறைக்கறது?"

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியுமே."

"அப்புறம் என்னை எதுக்கு மாமா கற்பூரம் அடிக்க வுட்டீங்க? நீங்களும் அந்த லைன்ல தானே இருந்தீங்க?"

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ கொழந்த. மறந்துடுவேன்னு நெனச்சோம்" என்றார்.

அன்றைக்கு அலுவலகத்தில் நான் என்ன வேலை செய்தேன் என்று எனக்குத் தெரியாது. கால் உடைந்ததற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்பது படித்த புத்திக்கு எப்போதோ தெரியும். அது இல்லை விஷயம். அத்தை வருவதற்கு முன்னாலேயே அம்மாவுக்கு உண்மை தெரியும். அப்பாவுக்குத் தெரியும். வேனில் போன அத்தனை ஆம்பிளைகளுக்கும் தெரியும். தெரியாதவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான், குற்றவாளியும் நான் ஒருத்திதான். எத்தனை சாயங்காலம் அந்தக் காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தேன்! எப்படி மனசு வந்தது அந்த மனுஷனுக்கு, நீட்டிக்கொண்டு உட்கார?

சாயங்காலம் ரயிலிறங்கி நேராக அம்மா வீட்டுக்குப் போனேன். நான் வேலைக்குப் போய்வரும் வரைக்கும் என் மகள் அங்கே அவளுடைய ஆயாவிடம்தான் இருப்பாள். நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறாள். இப்போது அங்கே அரசாங்கமே முட்டை கொடுக்கிறது, வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். என் மகளுக்கு வாழைப்பழம்தான் என்று டீச்சரிடம் சொல்லிவைத்திருந்தேன். சத்தியம் என்னுடையதுதான், அவளுடையதில்லை. ஆனாலும் ஒரு பயம்.

மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ரயிலில் கேட்டதை அப்படியே சொன்னேன். அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா காயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அதுக்கு இப்போ இன்னாங்கற?" என்றாள். "அவர் குடிச்சாருன்னு தெரிஞ்சிருந்தா லைன்ல தல காட்ட முடியுமா? வேலைக்குதான் ஒருத்தன் கூப்ட்டிருப்பானா? நீ சின்னப் பொண்ணு, உன்ன யாரு இன்னா பண்ணிடப் போறாங்க?"

"பண்ணாங்களேமா. நீயே பண்ணியே."

"துன்னது நெசந்தானே? நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

"துன்னச் சொன்னது யாரு?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். என் கண்ணைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்க்காத கண்.

"நான் எப்போ சொன்னேன்? மாலை போட்ட வூட்ல எவளாவது முட்டை துன்னுன்னு சொல்லுவாளா? நீயே துன்னுட்டு இப்போ எம்மேல வக்கிறியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு நிமிஷம், சத்தியமாக, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சொன்னாளா, நானாக நினைத்துக்கொண்டேனா? பின்னல், ரிப்பன், காதோடு வந்த மூச்சு, எல்லாம் நானே உண்டாக்கிக்கொண்டதா? சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மகள் பென்சிலை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மம்மி, நான் ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே? நானும் முட்டை தான் துன்றேன். ஆயா தான் வாங்கிக்கச் சொன்னாங்க. இஸ்கூல்ல துன்னது இஸ்கூலோட, மம்மிகிட்ட சொல்லாதன்னு சொன்னாங்க."

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. மகள் பயந்துபோய் ஓடி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்பா டிவியை அணைத்தார். அவள் தலையை இழுத்துத் தன் மடியில், அந்தக் காலின் மேலேயே, சாய்த்துக்கொண்டார்.

"அழாத கண்ணு" என்றார். "முட்டை துன்னா யாருக்கு இன்னா ஆவப் போவுது? ஒண்ணும் ஆவாது. உங்கம்மா கெடக்கறா, நீ துன்னு."

இந்த ஒரு பேச்சைத்தான் அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நான் எதிர்பார்த்து நின்றிருந்தேன். அப்பாவுக்கு அதைச் சொல்லத் தெரிந்திருக்கிறது. என் மகளுக்குச் சொன்னார்.